மணியும் சாம்புவும் எங்கள் வீட்டு அன்றாடமும்

நாய்க்கோ பூனைக்கோ உடம்பு முடியாமல் போனால் அது முதலில் செய்கிற காரியம் அதை மறைப்பதுதான். காட்டில் தளர்ந்து நிற்கும் விலங்கைத்தான் எதிரி முதலில் பிடிக்கும். நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகும் அந்தப் பழக்கம் அவற்றை விட்டுப் போகவில்லை. பூனையிடம் இது இன்னும் அதிகம். ஆகவே நோயை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் கால்நடை மருத்துவர் அல்ல, கூடவே இருக்கிறவர். மருத்துவர் மேசைமேல் நிறுத்திப் பத்து நிமிடம் பார்ப்பார். நாம்தான் நாள் முழுவதும் பார்க்கிறோம்.

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். முன் அறையில் மெஷின், வாசலுக்கு நேராக வெளிச்சம். மெஷினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில் மணி படுத்திருப்பான்; நாட்டு நாய், செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. துண்டுத்துணி போடும் கூடைக்குள் சாம்பு. சாம்பல் நிறக் கடுவன் பூனை. மணியைக் குட்டியாகத் தெருவிலிருந்து கொண்டுவந்தவள் என் மகள். சாம்பு தானாகவே மாடி வழியாக வந்து சேர்ந்தவன். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் தொழில் என்பதால், இருவரும் எப்போது சாப்பிடுவார்கள், எங்கே படுப்பார்கள், எந்தச் சத்தத்துக்கு எழுவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த மனப்பாடம்தான் இரண்டு முறை இரண்டு உயிரைக் காப்பாற்றியது.

முதலில் மணியின் கதை. காலையில் பால்காரரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வாசல் கதவுக்கு ஓடுகிறவன், ஒரு நாள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான். சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டான். மூக்கு ஈரமாகத்தான் இருந்தது. வீட்டில் எல்லோரும் வெயில் அசதி என்றார்கள். மறுநாள் மெஷினுக்குப் பக்கத்தில் படுக்காமல் பின்கட்டில் துவைக்கும் கல்லடியில் போய்ப் படுத்தான். அது அவன் இடமே அல்ல. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறு வெளுத்திருந்தது. அன்று மாலையே ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் போனோம். இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல்.

இந்த உண்ணிக் காய்ச்சலைப் பற்றி வட ஆற்காட்டுப் பக்கம் நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நம் ஊர்ச் சூட்டுக்கு உண்ணி ஆண்டு முழுவதும் பெருகுகிறது. பழுப்பு நிற நாய் உண்ணி இரத்தம் குடிக்கும்போது எர்லிக்கியா என்ற நுண்ணுயிரையும், பபீசியா என்ற ஒட்டுண்ணியையும் நாயின் உடம்புக்குள் விட்டுவிடும். முதலில் சோர்வும் காய்ச்சலும்தான் தெரியும். முற்றினால் மூக்கிலிருந்து இரத்தம் வடியும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் வரும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் குணமாகக் கூடிய நோய் இது. மணிக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்தார்கள். எர்லிக்கியாவுக்கு வழக்கமாக நான்கு வாரம் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் நாய் வாலாட்டத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள். கிருமி உள்ளே பதுங்கிக்கொண்டு சில மாதம் கழித்து இன்னும் மோசமாகத் திரும்பி வரும். சோறு கொடுத்த பிறகு மாத்திரையைக் கொடுத்தால் வாந்தி வருவது குறையும்.

நாய்க்கு மருந்து தடவினால் மட்டும் உண்ணி தீராது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரில் ஏறி, விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. எங்கள் வீட்டில் கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே இருந்த வெடிப்பில் டார்ச் அடித்துப் பார்த்தபோது கடுகு கொட்டிய மாதிரி கிடந்தது. கொத்தனார் அண்ணனைக் கூப்பிட்டு எல்லா விரிசலையும் சிமெண்ட் வைத்து அடைத்தோம். மணியின் சாக்கை எரித்துவிட்டு, வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்கக் கூடிய பழைய பெட்ஷீட்டாக மாற்றினேன். தினமும் இரவு காது மடிப்பு, கழுத்து, விரல் இடுக்கு ஆகிய மூன்று இடத்தையும் தடவிப் பார்க்கிறேன். உண்ணி இருந்தால் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றுவது நாயின் தோலைப் புண்ணாக்கும். நக்கினால் வயிற்றுக்கும் கெடுதி.

பூனையும் இருக்கிற வீடாக இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. நடுக்கம், வலிப்பு, மரணம் வரை போகும். பூனைக்குத் தடவக் கூடாது என்பதோடு முடியவில்லை. மருந்து தடவிய நாயோடு ஒட்டிப் படுத்தாலே ஆபத்து. மணியும் சாம்புவும் மதியம் சேர்ந்து தூங்குகிறவர்கள். அதனால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, அதற்கேற்ற மாத்திரை வகையை வாங்கினோம். இந்த ஒரு தகவலைச் சொல்லாமல் எந்த உண்ணி மருந்தையும் கடையில் நேராக வாங்காதீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் அளவு நோட்டின் பின்பக்கத்திலிருந்து மணிக்கும் சாம்புவுக்கும் கணக்கு எழுதத் தொடங்கினேன். முன்பக்கம் வாடிக்கையாளர்களின் தோள், மார்பு, கை நீளம். பின்பக்கம் இவர்களின் எடை, தடுப்பூசித் தேதி, பூச்சி மருந்து கொடுத்த தேதி, வழக்கத்துக்கு மாறாகச் செய்தது என்ன. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்தால் எடை வந்துவிடும். மாதம் ஒருமுறை போதும். எடை மெல்ல இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, நோட்டில்தான் தெரியும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் எப்போதும் ஒன்றுதான்: கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் போனது, மலம் எப்படி இருந்தது. பதில் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

சாம்புவின் விஷயத்தில் அந்த இரண்டாவது கேள்விதான் உயிர்க் கேள்வியாக இருந்தது. அவனுக்கென்று பின்கட்டில் மணல் தொட்டி வைத்திருக்கிறோம். ஒரு காலை, பிளவுஸுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தேன். அவன் தொட்டிக்குப் போனான், உட்கார்ந்தான், வந்தான். சிறிது நேரத்தில் மறுபடி போனான். மூன்றாவது முறை போனபோது வேலையை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். மணல் உலர்ந்தே இருந்தது. முதுகை வளைத்து முக்கினான், அடித்தொண்டையில் ஒரு முனகல். மலச்சிக்கலாக இருக்கும், விளக்கெண்ணெய் கொடு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கடுவன் பூனை முக்கிக்கொண்டிருந்தால், சிறுநீர் அடைப்பு அல்ல என்று தெரியும் வரை அதைச் சிறுநீர் அடைப்பு என்றே நினைக்க வேண்டும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிக மிகக் குறுகலானது. சிறு படிகங்களும் சளியும் சேர்ந்தாலே அடைத்துவிடும். அடைத்தால் சிறுநீரில் போக வேண்டிய நஞ்சும் பொட்டாசியமும் இரத்தத்தில் ஏறி, ஓரிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்க நேரம் கிடையாது.

மதியத்துக்குள் மருத்துவரிடம் போய்விட்டோம். அடிவயிற்றைத் தொட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழம் போல இறுகி இருந்தது. மயக்கம் கொடுத்துச் சிறு குழாய் வைத்து அடைப்பை நீக்கினார்கள். சில நாள் குழாயோடும் கழுத்தில் புனலோடும் இருந்தான். பிறகு ஸ்கேனுக்காக வாடகைக் காரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் கொண்டுபோனோம். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. வேலூரிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பெரிய சிக்கல் வந்தால் எங்கே போவது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அதன்பிறகு சாம்புவின் சாப்பாட்டையே மாற்றினோம். உலர் தீனியை வெகுவாகக் குறைத்து, நீர்ச்சத்துள்ள உணவைக் கூட்டினோம். பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பிராணி. வீட்டின் நான்கு மூலையிலும் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. தள்ளி வைத்தால் அதிகம் குடிக்கிறான். மீன் வேகவைத்த தண்ணீரை உப்பு, வெங்காயம் எதுவும் இல்லாமல் ஆறவைத்து ஊற்றினால் சட்டியைக் காலி செய்கிறான். பூனை தயிர்சாதத்திலேயே வளர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் நிறைய. வளராது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண் கெடும், இதயம் பலவீனமாகும். பால் பல பெரிய பூனைகளுக்குச் செரிப்பதே இல்லை. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்குமே இரத்த அணுக்களை அழிக்கும். பிரியாணி மிச்சத்தை அன்போடு கொண்டுவந்து தருகிற அக்கம்பக்கத்தாரிடம் இதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். வெந்த கோழி எலும்பையும் வேண்டாம் என்கிறேன், அது ஊசி மாதிரி உடையும்.

காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுப்பது பற்றி ஒரே வரி: ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

என் தொழிலோடு சேர்ந்த ஆபத்து ஒன்றும் உண்டு. பூனையின் நாக்கு முழுக்கச் சிறு முட்கள், அவற்றின் நுனி தொண்டைப் பக்கம் திரும்பியிருக்கும். நூலை நக்க ஆரம்பித்தால் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். எதிர் வீட்டுப் பெரியம்மா நான்கைந்து பூனை வைத்திருக்கிறார். தொழுகை விரிப்பிலும் அவை வந்து படுக்கும், அவர் விரட்டுவதில்லை. ஒருநாள் ஒரு பூனையின் பின்புறத்தில் நூல் தொங்குகிறது என்று என்னைக் கூப்பிட்டார். அவருடைய பேரன் இழுக்கப் போனான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நூலின் மறுமுனை உள்ளே எங்காவது மாட்டியிருந்தால், இழுக்கும்போது குடலை ரம்பம் போல அறுத்துவிடும். நூலைத் தொடாமல், அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோவதுதான் சரி. அந்தப் பூனைக்கு அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்துக்கொண்டது. என் வீட்டில் பாபின், நூல்கண்டு, ஊசி எல்லாம் இரவில் மூடிபோட்ட டப்பாவுக்குள் போய்விடும். மல்லிகைச் சரத்து நாரும் அதே கணக்குதான். தலையிலிருந்து எடுத்ததும் குப்பைக்கூடையில் போட்டு மூடிவிட வேண்டும்.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101-இலிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 104-ஐத் தாண்டினால் ஆபத்து. எச்சில் கெட்டியாகி, ஈறு அடர் சிவப்பாகி, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறியைப் போட்டு, உடனே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். ஐஸ் கட்டிக்குள் முக்க வேண்டாம். சப்பை மூக்கு பக் நாய்களை இந்த ஊருக்கு வாங்கி வருகிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. குளிரூட்டிய அறையை விட்டால் அவற்றால் மூச்சே விட முடிவதில்லை. மணியைக் கோடையில் சூரியன் ஏறுவதற்குள் பாலாற்று மணலுக்கு அழைத்துப்போய் வந்துவிடுகிறோம். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்தாறு நொடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

வெறிநாய்க்கடி விஷயத்தில் என் மாமியார்தான் எங்கள் தெருவுக்கே ஆசிரியர். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலத்தைப் பார்த்தவர் அவர். தெருநாய் ஒன்று பள்ளிவிட்டு வந்த பையனின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. ஒருவர் சுண்ணாம்பு எடுத்து வந்தார், இன்னொருவர் மிளகாய்த்தூள். அத்தை பையனை நேரே குழாயடிக்குக் கூட்டிப்போய், துணிச்சோப்பைப் போட்டு, ஓடும் தண்ணீரில் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினார். பிறகுதான் மருத்துவமனை. அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம். கடிபட்ட அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று கையில் போடுகிறார்கள். இரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் போட வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற ஏறத்தாழ வழியே இல்லாத நோய் இது. கடித்த நாயையோ பூனையையோ பத்து நாள் கவனிப்பது உண்டு. அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கீறலுக்கும் இதே விதிதான், பூனைக்குட்டியின் கீறலாக இருந்தாலும். அந்தப் பையன் முதலில் கடியை மறைக்கப் பார்த்தான், அம்மா அடிப்பாள் என்று. பிள்ளைகளிடம், நாய் கடித்தால் திட்ட மாட்டோம், உடனே சொல் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான ஊசி அதற்கும் முன்பே, ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கும். அது முடியும் வரை குட்டியைத் தெருமண்ணில் விடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஒரு நாய்க்கு இவ்வளவு செலவா என்று கேட்கிறவர்கள் உண்டு. உறவுக்காரர் ஒருவர் அத்தையிடமே கேட்டார். மாமா இறந்த பிறகு அத்தை சாப்பாட்டையே மறந்து கிடந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் கெஞ்சியும் எழாதவர், மணி வாசலில் நின்று முனகியபோது எழுந்தார். அவனுக்குச் சோறு பிசைந்தார், பிறகு தானும் இரண்டு கவளம் சாப்பிட்டார். அவனைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். அந்த நடைதான் அவரை எங்களுக்குத் திரும்பத் தந்தது. உறவுக்காரரிடம் அத்தை சொன்ன பதில், "அவன் இந்த வீட்டுப் பிள்ளை. பிள்ளைக்கு முடியவில்லை என்றால் கணக்கா பார்ப்பார்கள்?"

என் மகள் அந்த உறவுக்காரரிடம் வேறொன்று சொன்னாள். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். 1989-இல் மாவட்டம் பிரியும் வரை அந்தப் பக்கமெல்லாம் நம் வட ஆற்காடுதான். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்த வீரனுக்கு எழுப்பிய கல். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும், அதன் பெயர் கோவிவன் என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். மன்னர்களின் பெயரைப் பொறிக்கிற கல்லில் ஒரு மாட்டுமந்தைக் காவல் நாயின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்று இந்த மண்ணில் யாருக்கோ அப்போதே தோன்றியிருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

செலவு உண்மைதான், மறுக்கவில்லை. அதற்கு நாங்கள் கண்ட வழி, தைத்த கூலியில் மாதம் ஐந்நூறு ரூபாயைத் தனி டப்பாவில் போட்டுவிடுவது. சாம்புவின் அடைப்பு வந்த அன்று அந்த டப்பாதான் கைகொடுத்தது. கருத்தடை செய்துவிட்டால் பின்னால் வரும் செலவும் குறையும். சாம்பு சண்டைக் காயத்தோடு விடியற்காலையில் வீடு திரும்புவது அதன்பிறகு நின்றே போனது.

மணி இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டான். கண்ணில் வெண்படலம் விழுந்திருக்கிறது. அதனால் வீட்டில் நாற்காலி, மேசை எதையும் இடம் மாற்றுவதில்லை. பழகிய தடத்தில் இடிக்காமல் நடந்துவிடுகிறான். டைல்ஸ் தரையில் பின்கால் வழுக்குகிறது என்று மிச்சத் துணிகளைச் சேர்த்துக் கனமான மிதியடிகள் தைத்து வாசலிலிருந்து பின்கட்டு வரை போட்டிருக்கிறேன். மூட்டு வலிக்கு மருத்துவர் எழுதித்தந்த நாய் மாத்திரை மட்டும்தான். அத்தையின் முட்டிவலி மாத்திரையில் கால் துண்டு கொடுத்தால் என்ன என்று வீட்டில் பேச்சு வந்தபோது மருத்துவரைக் கேட்டோம். மனிதர்களின் வலி மாத்திரை நாயின் வயிற்றில் புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று தடுத்துவிட்டார்.

கடைசிக் கட்டத்தைப் பற்றியும் அவரிடம் பேசிவிட்டோம். அவன் நன்றாக இருக்கும்போதே பேசுவதுதான் சரி. துடிக்கும் நேரத்தில் யாருக்கும் யோசிக்க முடியாது. தானாக எழுந்து நிற்கிறானா, சாப்பிடுகிறானா, தன்னை அழுக்காக்கிக்கொள்ளாமல் இருக்கிறானா, நம்மைக் கண்டால் வாலை அசைக்கிறானா என்று வாரம் ஒருமுறை பாருங்கள் என்றார். நல்ல நாட்களைவிட வலி நாட்கள் அதிகமானால் வலியில்லாமல் உயிர் பிரியச் செய்யும் ஊசியைப் பற்றி முடிவு எடுக்கலாம் என்றார். அடக்கம் செய்ய அணைக்கட்டுப் பக்கம் அத்தையின் தம்பி நிலத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறோம். நாய் தோண்டாத அளவுக்கு ஆழமாகவும் கிணற்றுக்குத் தள்ளியும் குழி இருக்க வேண்டும். மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். எந்த முடிவானாலும் தனக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும், தேர்வு நேரம் என்று மறைக்கக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.